பின்னால் டிரெய்லர், முன்னால் தொப்பூர்: பிக்கப் வண்டியின் கியரைக் கையாளும் முழு வழிகாட்டி

கியர்பாக்ஸ் ஆயில் கருகும் வாசனை ஒரு முறை மூக்கில் ஏறிவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது. கருகிய புளியும் பழைய ரப்பரும் கலந்தது போன்ற நெடி அது. எனக்கு அந்த அறிமுகம் கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூரை நோக்கி ஏறும்போது, நள்ளிரவுக்கு மேல் கிடைத்தது.

பெங்களூரு அல்சூரில் ஒலிபெருக்கி, சீரியல் விளக்கு, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். ஆடி மாதம் வந்தால் தர்மபுரி, சேலம் பக்கத்து அம்மன் கோவில்களிலிருந்து அழைப்பு வரும். ஜெனரேட்டரைச் சக்கரம் வைத்த டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டு போவோம். முதல் மூன்று வருடம் மேனுவல் வண்டி. பிறகு ஆட்டோமேட்டிக் வாங்கினேன். 'இனிமேல் கியரைப் பற்றிக் கவலையே இல்லை, எல்லாவற்றையும் வண்டி பார்த்துக்கொள்ளும்' என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்த இரவு வண்டி ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் ஊஞ்சலாடியது. நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் புத்தி வந்தது.

மறுநாள் கலாசிபாளையத்து மேஸ்திரி ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டியது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. "வண்டிக்குக் கண் கிடையாது அண்ணா. முன்னால் மேடு வருவது உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான். ஏற்றமோ இறக்கமோ, அதைத் தொடுவதற்கு முன்பே கியரை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். டிரெய்லர் இழுக்கும் வண்டியில் அந்த முடிவைக் கணினியிடம் விட்டால், மேடு வந்த பிறகுதான் அது யோசிக்கத் தொடங்கும்.

கிளம்புவதற்கு முன்: எடையும் காகிதமும்

வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து இழுவை பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். எவ்வளவு எடையை இழுக்கலாம், பிரேக் உள்ள டிரெய்லருக்கு எவ்வளவு, இல்லாததற்கு எவ்வளவு என்று அங்கே இருக்க வேண்டும். 'இந்த வண்டி இழுவைக்கு ஏற்றதல்ல' என்று எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். டொயோட்டா ஹைலக்ஸுக்கு ஆஸ்திரேலியாவில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு 3,500 கிலோவும் பிரேக் இல்லாததற்கு 750 கிலோவும் வரம்பு. அதே பெயர் கொண்ட வண்டி இங்கே ஓடுகிறது என்பதற்காக அதே எண் இங்கே செல்லும் என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் கையேடு சொல்வதுதான் உங்கள் எண்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பதிவு எண், காப்பீடு இரண்டும் இல்லாமல் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட நினைக்காதீர்கள்.

அடுத்தது பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளங்கும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிஞ்சினால் மாடு மண்டியிடும். டிரெய்லரிலும் இதேதான். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும், ஆனால் கையேடு சொல்லும் கொக்கி வரம்பைத் தாண்டக்கூடாது. எங்கள் ஜெனரேட்டர் டிரெய்லர் ஏறத்தாழ 900 கிலோ, ஆகவே கொக்கியில் 90 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதன் மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். குறைந்தால் கேபிள் பெட்டிகளை அச்சுக்கு முன்னால் நகர்த்துவோம்.

கியரைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். பின்பாரமான டிரெய்லர் வாலாட்டும். வாலாட்டுகிற டிரெய்லரோடு இறக்கத்தில் கியரைக் குறைத்தால், அந்த இழுப்பே ஆட்டத்தைக் கூட்டிவிடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். காரணம் தெரியாமல் செய்முறையை மனப்பாடம் செய்தவர், நிலைமை சற்று மாறியதும் திகைத்து நிற்பார்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்ற உருளை இருக்கிறது. எதிரெதிரே இரண்டு மின்விசிறிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுழன்றால் காற்று மற்றதையும் சுழற்றும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். பளுவோடு கிளம்பும்போது முன் விசிறி வேகமாகவும் பின் விசிறி மெதுவாகவும் சுழலும். அந்த வேக வித்தியாசம் வண்டிக்குக் கூடுதல் உந்துதலைத் தருகிறது, கூடவே ஆயிலைச் சூடாக்குகிறது. சீரான வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். பூட்டு விழுந்தால் நழுவல் இல்லை, சூடும் குறைவு.

கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்தால் இந்தப் பூட்டு திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் நழுவல், ஒவ்வொரு முறையும் சூடு. அன்று இரவு எனக்கு நடந்தது இதுதான். ஆறாவது கியரில் இழுக்க முடியாமல் ஐந்துக்கு இறங்கும், சற்று மூச்சு வந்ததும் 'ஆகா, சமதளம் வந்துவிட்டது' என்று நம்பி மறுபடி ஆறுக்குப் போகும்.

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஹைலக்ஸின் ஆறு வேக ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்வோம். அதன் நான்காவது கியர் விகிதம் 1.000, ஐந்தாவது 0.687, ஆறாவது 0.580. நான்காவதில் எஞ்சின் சுற்றுவதும் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு சுற்றுவதும் ஒரே வேகம். ஐந்தும் ஆறும் ஓவர்டிரைவ், அதாவது டீசலை மிச்சப்படுத்தப் பிறந்தவை. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஆறாவதில் எஞ்சின் நிமிடத்துக்குத் தோராயமாக 1,250 சுற்றும், ஐந்தாவதில் 1,500, நான்காவதில் 2,150 என்பது என் கணக்கு. அந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசையான (டார்க்) 500 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 1,600 முதல் 2,800 சுற்றுக்குள். ஆக, 80இல் போகும்போது எஞ்சினின் முழுப் பலமும் கைக்கு எட்டும் முதல் கியர் நான்காவதுதான். ஆறாவதில் போவது, தூங்குகிறவன் தலையில் மூட்டையை ஏற்றுவது போல.

இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சினுக்கு உச்ச முறுக்குவிசை 360 நியூட்டன் மீட்டர், 2,000 முதல் 2,500 சுற்றில். அது இன்னும் குறுகலான ஜன்னல். உங்கள் வண்டிக்கான இந்தச் சுற்று எண்கள் இரண்டையும் கையேட்டில் பார்த்து, ஒரு சீட்டில் எழுதி, ஸ்பீடோமீட்டர் அருகே ஒட்டிவிடுங்கள். நான் மஞ்சள் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, ஏதோ மந்திரத் தகடு என்று நினைத்தாளாம்.

பொத்தான்கள்: எதை அமுக்குவது, எதைத் தொடக்கூடாது

அமெரிக்க பிக்கப்களில் 'டோ ஹால்' என்ற, டிரெய்லர் இழுப்பதற்கான பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் நான்கு காரியம் நடக்கும். மேல் கியருக்குப் போவது தாமதமாகும். மேட்டில் கியர் அடிக்கடி மாறாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் சட்டென்று மேல் கியருக்குத் தாவாது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் தானாகவே கீழ் கியருக்கு வந்து எஞ்சினால் பிடிக்கும். நம் ஊர்ச் சாலைகளில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான பிக்கப்களில் இந்தப் பொத்தான் கிடையாது. ஆகவே அந்த நான்கையும் கையாலேயே செய்ய வேண்டும்.

முதலில், எரிபொருளை மிச்சப்படுத்தும் எகோ நிலை இருந்தால் அணைத்துவிடுங்கள். பளு இல்லாத வண்டிக்கு அது நல்லது. டிரெய்லரோடு போகும்போது ஆக்சிலேட்டரை மந்தமாக்கி, நீங்கள் ஆழமாக மிதிக்கவும் வண்டி குழம்பவும் வழி செய்யும். பவர் அல்லது ஸ்போர்ட் நிலை இருந்தால் மேடு பள்ளமான சாலையில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, கியர் கம்பியை டி-யிலிருந்து (முன்னால் ஓட்டும் நிலை) பக்கவாட்டில் தள்ளி மேனுவல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சில வண்டிகளில் அது எஸ் என்றும் சிலவற்றில் எம் என்றும் இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம், பலர் தவறுவது. திரையில் தெரியும் எண்ணுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. சில வண்டிகளில் 4 என்றால் நான்காவது கியரிலேயே நிற்கிறது என்று பொருள். வேறு சிலவற்றில் 4 என்பது மேல் வரம்பு. அதாவது ஒன்றிலிருந்து நான்கு வரை வண்டி தானாக மாறிக்கொள்ளும், ஐந்துக்கு மட்டும் போகாது. இரண்டாவது வகை டிரெய்லருக்கு மிக வசதி, ஒருமுறை வரம்பு வைத்துவிட்டால் ஓட்டுவதில் கவனம் செலுத்தலாம். முதல் வகையில் வேகம் குறையும்போது நீங்களே இறக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பதை காலி வண்டியில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சோதித்துப் பாருங்கள். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் தொப்பூர்க் கணவாயின் இறக்கம் அதற்கான இடம் இல்லை.

க்ரூஸ் கண்ட்ரோலை மேடு பள்ளத்தில் தொடவே வேண்டாம். வேகத்தைக் காப்பாற்ற அது கடைசி நிமிடத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும், கியர் இரண்டு படி கீழே விழும், எஞ்சின் அலறும்.

சில்க் போர்டு வரை: நகர நெரிசல்

காலை ஒன்பது மணிக்கு டிரெய்லரோடு பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க முயல்பவருக்கு எந்தக் கியரும் உதவாது. நாங்கள் நாலரை மணிக்கே கிளம்பிவிடுவோம். தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் இதைச் செய்யுங்கள். முன் வண்டி இரண்டடி நகர்ந்ததும் நீங்களும் இரண்டடி நகராதீர்கள். ஒரு கார் நீளம் இடம் வரும்வரை நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், கியர்பாக்ஸ் அவர்களுடையது இல்லையே. ஊர்ந்து ஊர்ந்து போனால் ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வர்ட்டர் முழு நேரமும் நழுவிக்கொண்டே இருக்கும். மேனுவலில் கிளட்ச் தேயும்.

பி-யிலிருந்து (நிறுத்தி வைக்கும் நிலை) டி-க்கு மாற்றியதும் ஒரு சிறு குலுக்கல் வரும். அதற்குப் பிறகுதான் ஆக்சிலேட்டர். சிக்னலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். நிற்கும்போது நியூட்ரல் நல்ல நண்பன். உருளும்போது அது என்னவாகிறது என்பதைத் தொப்பூரில் சொல்கிறேன்.

மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பிரேக் செய்ய வேண்டிய வேலையை ஆயிலிடம் கொடுப்பது அது. வேண்டாம்.

மேனுவல் வண்டிக்காரர்களுக்கு

பொலேரோ பிக்கப், யோதா போன்ற நம் உழைப்பாளி வண்டிகளெல்லாம் மேனுவல்தான். அவர்கள் இந்த வழிகாட்டியில் பாதியை ஏற்கனவே அறிந்திருப்பார்கள், ஏனென்றால் கை எப்போதும் கியரிலேயே இருக்கிறது.

கிளம்பும்போது எப்போதும் முதல் கியர். காலி வண்டியில் இரண்டாவதில் கிளம்பிப் பழகியவர்கள் டிரெய்லர் மாட்டியதும் அதை மறந்துவிட வேண்டும். எஞ்சினை 1,200, 1,300 சுற்றுக்கு மேல் ஏற்றாமல் கிளட்ச்சை விட்டு, இரண்டு மூன்று மீட்டருக்குள் காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மேட்டில் கிளம்ப ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச் கவ்வும் இடத்தில் வண்டியின் மூக்கு சற்று எழுவதை உணர்ந்த பிறகு பிரேக்கை விடுங்கள். ஐந்து கியர் உள்ள பல பிக்கப்களில் நான்காவதுதான் நேர் கியர், ஐந்தாவது ஓவர்டிரைவ். டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் நான்காவதே உங்கள் டாப் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தட்டையான சாலை, பின்காற்று, அவசரமின்மை மூன்றும் சேர்ந்தால் ஐந்தாவதைப் போடலாம்.

எஞ்சின் 'டக டக' என்று முனகி ஸ்டீரிங் நடுங்கினால், சுற்று போதவில்லை என்று பொருள். உடனே ஒரு கியர் கீழே வாருங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். 2,300 சுற்றில் பாடிக்கொண்டு போகும் டீசல் எஞ்சினைவிட 1,100இல் முழு ஆக்சிலேட்டரோடு முக்கும் எஞ்சின்தான் வேதனையில் இருக்கிறது.

இறக்கம்: தொப்பூர்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. நடுவில் எங்கோ அந்த உயரத்தை எல்லாம் இறங்கித்தானே ஆக வேண்டும்? சூளகிரியைத் தாண்டியதும் ஒரு பகுதி, தர்மபுரியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாயில் மிகக் கடுமையான பகுதி. தொப்பூரில் விபத்துச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி, நெரிசலில் நின்றிருந்த வாகன வரிசையில் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். அங்கே நடக்கும் விபத்துகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது.

அந்த மிச்சமே பொய். இன்றைய டீசல் எஞ்சின் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றும், டீசல் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாக டீசல் போயாக வேண்டும். பிடிமானத்தையும் இழந்து டீசலையும் செலவழிப்பதற்குப் பெயர் சிக்கனமா? ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு கேடும் உண்டு. கியர்பாக்ஸுக்கு ஆயில் அனுப்பும் பம்ப் எஞ்சினோடு சுழல்வது. நியூட்ரலில் எஞ்சின் மெதுவாகச் சுழல, வெளித்தண்டு மட்டும் தாறுமாறாகச் சுழலும்.

இறக்கத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். வண்டி, டிரெய்லர், ஆட்கள் எல்லாம் சேர்த்து 3,000 கிலோ. 200 மீட்டர் உயரம் இறங்குகிறோம். இதில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 59 லட்சம் ஜூல். ஒரு பெரிய குடம் நிறைய, அதாவது 18 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவு சூட்டையும் பிரேக் தகடுகள் தலையில் கட்டினால், பிரேக் ஆயில் கொதித்து மிதி 'தொப்' என்று தரையைத் தொடும். அந்தச் சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் வழியாக வெளியேற்றுவதுதான் கீழ் கியரின் வேலை.

செய்முறை இது. இறக்கம் தொடங்குமுன், எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டதுமே பிரேக் போட்டு வேகத்தை மணிக்கு 40, 45க்குக் கொண்டுவாருங்கள். பிறகு மூன்றாவது கியர். மேடாக இருந்தால் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குவது பழைய லாரி ஓட்டுநர்களின் விதி. நான் அதிலிருந்தும் ஒன்று குறைப்பேன், காரணம் டீசல் எஞ்சினின் இயல்பு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வழி அடைபடும், அந்த மூச்சுத்திணறல்தான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. டீசலில் அந்தத் திணறல் மிகக் குறைவு. அதனால் பிடிமானம் வேண்டுமானால் சுற்றை உயர்த்தித்தான் ஆக வேண்டும். 3,000 சுற்றில் இரைந்தால் பதற வேண்டாம், சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அது உழைக்கும் சத்தம்.

இறக்கத்துக்குள் போன பிறகு கியரைக் குறைக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வேகம் கூடிவிட்டால் ஆட்டோமேட்டிக் உங்கள் கட்டளையை மறுத்துவிடும், எஞ்சின் தாங்காது என்று அதற்குத் தெரியும். மேனுவல் பெட்டி மறுக்காது, நீங்கள் சொன்னபடி விழுந்து எஞ்சினை உடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், கிளட்ச்சை மிதித்துவிட்டுக் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வது.

சரியான கியரிலும் வேகம் மெல்ல ஏறும். 50ஐத் தொட்டதும் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து 40க்குக் கொண்டுவந்து முழுவதும் விட்டுவிடுங்கள். மறுபடி 50, மறுபடி பிடி. காலை மிதியிலேயே வைத்து உரசிக்கொண்டே இறங்கினால் தகடு ஆற நேரம் கிடைக்காது.

மழை ஈரத்தில் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஐந்திலிருந்து இரண்டுக்குத் தாவினால் பின்சக்கரம் வழுக்கும், டிரெய்லர் உங்களை முந்திக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப்பார்க்கும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, ஆட்டம் அடங்க விடுங்கள்.

ஏற்றம்: திரும்பி வரும் வழி

இறங்கியதெல்லாம் ஏற வேண்டுமே. வேலை முடிந்து, ஆட்கள் பின் இருக்கையில் தூங்க, நள்ளிரவில் ஏறும் இந்தப் பயணத்தில்தான் கியர்பாக்ஸ்கள் சாகின்றன.

ஏற்றத்தின் அடியிலேயே வரம்பை நான்காவதில் வையுங்கள். ஆக்சிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் மிதித்தும் வேகம் குறைகிறதா? மூன்றாவதுக்கு வாருங்கள், இடது தடத்துக்குப் போங்கள், 45இல் ஏறுங்கள். முந்திச் செல்லும் லாரிகளைப் பார்த்து மானம் போனதாக நினைக்க வேண்டாம். உச்சியை அடைந்த பிறகும் அரை கிலோமீட்டர் வரை கியரைக் கூட்டாமல் இருங்கள். இந்தச் சாலையில் ஒரு மேட்டின் தோளில் இன்னொரு மேடு உட்கார்ந்திருக்கும்.

கியர்பாக்ஸ் ஆயில் வெப்பத்தைக் காட்டும் வசதி வண்டியில் இருந்தால் அதைத் திரையில் வையுங்கள். 80, 90 டிகிரியில் இருப்பது நலம். 120ஐத் தாண்டினால் ஆயிலின் ஆயுள் வேகமாகக் கரையத் தொடங்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, பி-யில் போட்டு, எஞ்சினை ஓட விடுங்கள். நான் அன்று செய்த தவறு, பதற்றத்தில் சாவியைத் திருப்பி அணைத்தது. எஞ்சின் நின்றால் ஆயில் பம்பும் நிற்கும், குளிர்விக்கும் குழாய்களுக்கு ஆயில் போகாது, சூடு உள்ளேயே தங்கிப் பொசுங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விளக்கு அணையவில்லை என்றால், வண்டியைத் தூக்கிச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.

நீண்ட ஏற்றம் முடிந்து டீக்கடையில் நிறுத்தும்போதும் உடனே அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஓட விடுங்கள், டர்போ ஆறட்டும்.

4 எச், 4 எல்: எப்போது?

தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டால் டிரெய்லரை இன்னும் பலமாக இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. நம் ஊர் பிக்கப்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை விழுங்கும் டிஃபரென்ஷியல் பொதுவாகக் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரம் அதிக தூரம் ஓடும், பின்சக்கரம் குறைவாக ஓடும். 4 எச்-இல், அதாவது நான்கு சக்கர இழுவையின் சாதாரண வேக நிலையில், இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். மண்ணில் டயர் சற்று வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், காய்ந்த தாரில் தண்டுகள் முறுக்கேறும்.

ஈர மண், கோவில் திடல், ஏரிக்கரை என்றால் 4 எச். சேற்றிலிருந்து டிரெய்லரைப் பிடுங்கவும், செங்குத்தான மண் சரிவில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் ஏற்றவும் 4 எல், அதாவது நான்கு சக்கர இழுவையின் மெதுவான நிலை. அது சக்கரங்களின் வேகத்தைச் சுமார் இரண்டரை மடங்கு குறைக்கும், அதனால் கன்வர்ட்டரும் கிளட்ச்சும் அதிகம் நழுவாமல் வேலை நடக்கும். 4 எல்-க்கு மாற வண்டி நின்று, நியூட்ரலில் இருக்க வேண்டும். தாருக்கு வந்ததும் 2 எச்-க்கு, அதாவது இரண்டு சக்கர இழுவைக்கு, திரும்ப மறக்காதீர்கள். ஒருமுறை எங்கள் தம்பி மறந்துபோய் காவேரிப்பட்டணம் வரை ஓட்டிவிட்டு, 'ஸ்டீரிங் ஏன் அண்ணா கனக்கிறது?' என்று கேட்டான்.

அல்சூர்ச் சந்து: பின்னால் எடுப்பதும் நிறுத்துவதும்

எங்கள் தெருவில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தாலே பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். அங்கே டிரெய்லரைப் பின்னால் எடுக்க ஒரே வழிதான். கையை ஸ்டீரிங்கின் அடிப்பகுதியில் பிடியுங்கள், டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஆர்-இல் (ரிவர்ஸ்) போட்டு, பிரேக்கை மெல்ல விட்டால் சமதளத்தில் ஆட்டோமேட்டிக் தானே ஊரும், ஆக்சிலேட்டர் தேவையில்லை. கோணம் மடங்கத் தொடங்கினால் பிடிவாதம் வேண்டாம், முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். ஆர்-க்கும் டி-க்கும் மாறும் ஒவ்வொரு முறையும் வண்டி முழுவதும் நின்றிருக்க வேண்டும். உருளும்போதே மாற்றுவது கியர்பாக்ஸின் உள் கிளட்ச்சுகளைப் பிரேக்காகப் பயன்படுத்துவதற்குச் சமம்.

சரிவில் நிறுத்தும்போது வரிசை முக்கியம். காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை இறக்கி டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கு வந்து ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கால் பிரேக்கை மெல்ல விட்டு, கட்டையும் ஹேண்ட் பிரேக்கும் பளுவைத் தாங்க விடுங்கள். அதற்குப் பிறகுதான் பி. நேராக பி-யில் போட்டுக் காலை எடுத்தால், மொத்தப் பளுவும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் விரல் அளவு இரும்புக் கொக்கியில் தொங்கும். மறுநாள் காலையில் பி-யிலிருந்து எடுக்கும்போது 'டங்' என்று கேட்டால், நேற்று இரவு வரிசை மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆயில்

கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இரண்டு இருக்கும். சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்று, கடினப் பயன்பாட்டுக்கு ஒன்று. டிரெய்லர் இழுப்பவர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும், மாதம் ஒரு முறை இழுத்தாலும். 'இந்த ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்பது, அலுவலகத்துக்கும் மாலுக்கும் போய்வரும் வண்டிக்குச் சொன்ன பேச்சு. பத்து டிகிரி கூடுதல் சூட்டுக்கு ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் நம்பும் பொதுக்கணக்கு. அதை வைத்துப் பார்த்தால், ஓர் ஆடி மாத சீசன் ஒரு வருட ஓட்டத்தை விழுங்கிவிடும்.

புதிய வண்டிகள் பலவற்றில் ஆயில் பார்க்கும் கம்பி கிடையாது, பட்டறையில்தான் பார்க்க முடியும். நான் ஒவ்வொரு ஆடி முடிந்ததும் கலாசிபாளையத்துக்குப் போகிறேன். மேஸ்திரி ஒரு துளியை வெள்ளைத் துணியில் வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். போன முறை ஒன்றும் சொல்லாமல் துணியை என்னிடம் நீட்டினார். ரோஜா நிறம்.